மருந்துக்கடை அண்ணன்மாருக்கு, கட்டுப் போடும் அறையிலிருந்து

வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலியர் நான். எங்களிடம் வருகிறவர்களில் பலரும் முதலில் உங்கள் கடைக்குத்தான் வந்திருப்பார்கள். அதில் தப்பில்லை. கடை பக்கத்தில் இருக்கிறது, சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டாம், நீங்களும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். அதனால்தான் இதை அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கார்ன் கேப். கால் ஆணிக்கு என்று எடுத்துக் கொடுக்கிறீர்களே, அதில் இருப்பது தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம். பாதத்தில் உணர்வு இருப்பவருக்கு எரிந்தால் பிய்த்துப் போட்டுவிடுவார். பல வருஷ சுகரில் பாதம் மரத்துப்போனவருக்கு எரிவதே தெரியாது. நான் பட்டையைப் பிரிக்கும்போது சுற்றிலும் வெள்ளையாக ஊறிய தோல், நடுவில் குழி, அடியில் சீழ். சுகர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அதை விற்கவே வேண்டாம்.

அடுத்தது, "எதுக்கும் ஒரு அஞ்சு நாளைக்குப் போடுங்க" என்று கொடுக்கும் ஆன்டிபயாடிக். செஃபிக்ஸிம் போன்றவை 2014 முதல், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 அட்டவணையில் இருப்பதும், அவற்றுக்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சட்டத்தை விடுங்கள். எந்தத் திறந்த புண்ணிலும் கிருமி இருக்கும். ஆனால் கிருமி இருப்பது வேறு, தொற்று வேறு. வீக்கம், சிவப்பு, சூடு, வலி, சீழ் இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று என்கிறோம். தொற்று இல்லாத புண் மாத்திரையால் ஆறாது. அந்த இடத்தில் உடம்பின் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால்தான் ஆறும்.

தொற்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க, புண்ணைச் சுத்தம் செய்து அடியிலிருந்து சதையைச் சுரண்டி சோதனைக்கு அனுப்புவோம். (மேலாகப் பஞ்சில் துடைத்து அனுப்புவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அது மேலே ஒட்டியிருக்கும் கிருமியைத்தான் காட்டும்.) உங்கள் மாத்திரை ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் சோதனையில் ஒன்றுமே வளராமல் போகலாம். அப்புறம் மருத்துவர் குத்துமதிப்பாகத்தான் மருந்து எழுத வேண்டும்.

தொற்று எலும்பு வரை போயிருக்கிறதா என்று அறிய, மருத்துவர்கள் முனை மழுங்கிய ஸ்டீல் கம்பியை மெதுவாகப் புண்ணின் குழிக்குள் விட்டுப் பார்ப்பார்கள். கல்லில் பட்டதுபோல் டக்கென்று நின்றால் அது எலும்பு. அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; எலும்பு அரிப்பு படத்தில் தெரிய 2, 3 வாரம் ஆகும். சதையோடு நின்ற தொற்றுக்கு 1, 2 வாரம் மருந்து போதும். எலும்புக்குள் போய், அந்த எலும்பை வெட்டி எடுக்காமல் மருந்திலேயே பார்ப்பதென்றால் 6 வாரம். உங்கள் அஞ்சு நாள் எதற்கும் காணாது.

சரி, கடையில் நின்றபடி நீங்கள் என்ன செய்யலாம்? செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்து இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னால் சூடு காட்டிக்கொடுத்துவிடும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். மோசமான தொற்றிலும் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கியிருந்தாலும் அனுப்புங்கள். நடக்க நடக்க உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

புண்ணைச் சுற்றி 2 செ.மீ. தாண்டிய சிவப்பு, கறுத்த விரல், நாற்றம், குளிர் நடுக்கம், திடீரென்று எகிறிய சுகர் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரியாக இருந்தாலும் காலை வரை காத்திருக்கச் சொல்லாமல் 108-ஐக் கூப்பிட்டுக் கொடுங்கள்.

வியாபாரம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். காஸ் துணி, சலைன், பிளாஸ்டர் எல்லாம் மாசக்கணக்கில் உங்களிடம்தான் வாங்கப் போகிறார்கள்.