தையல் கற்றுத் தந்த அக்காவுக்கு நன்றி

மாணவப் பருவத்தில், அவசர சிகிச்சைப் பிரிவின் இரவுப் பணியில் எனக்குத் தையல் போடக் கற்றுக்கொடுத்த அறுவை சிகிச்சை முதுநிலை மாணவி அக்காவுக்கு, அவர் விருப்பப்படியே பெயர் குறிப்பிடாமல் இந்த நன்றியைப் பதிவு செய்கிறேன்.

ஊசியை நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் நீடில் ஹோல்டர் என்னும் இடுக்கியால் பிடிக்க வேண்டும், தோலுக்குச் செங்குத்தாக நுழைக்க வேண்டும் என்பதெல்லாம் பாடநூலிலேயே இருக்கிறது. ஆனால் ஊசியை நேராகத் தள்ளாமல் அதன் வளைவின் போக்கிலேயே மணிக்கட்டைத் திருப்பினால் திசு கிழியாது என்பது, அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டிய பிறகே விளங்கியது. கறிக்கடையில் தோலோடு வாங்கிய கோழித்தொடையில் முதலில் பழகச் சொன்னவரும் அவரே. (விடுதிச் சமையல்காரர் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.) மறுநாள் காயம் வீங்கும் என்பதால், ரத்த ஓட்டம் தடைபடும்படி முடிச்சை இறுக்காமல், காயத்தின் ஓரங்கள் ஒன்றையொன்று தொடும் அளவில் நிறுத்த வேண்டும் என்பதில் அவர் மிகவும் கண்டிப்பாக இருந்தார்.

தையலைவிட, அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை அவர் கற்பித்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். கையில் வெட்டுப்பட்டு வருபவருக்கு மரப்பு ஊசி போடும் முன்பே விரல்களின் உணர்வையும் அசைவையும் சோதித்துக் குறித்துவைக்க வேண்டும். மரத்துப்போன பிறகு, நரம்பு அறுந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. அதன் பின் சலைனால் தாராளமாகக் கழுவி, மண்ணும் கண்ணாடித் துகளும் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே ஊசியைத் தொட அனுமதிப்பார்.

தம் உறக்க நேரத்தை எனக்காகச் செலவிட்ட அவருக்கு என் மனமார்ந்த நன்றி.