ஜெர்மனி செல்வோர் தபால் பெட்டியைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு நம் ஊரில் கிடைக்கும் வழிகாட்டல் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுன்ட் (செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கு), விசா என்பதோடு நின்றுவிடுகிறது. பலரும் திணறுவது போய் இறங்கிய பிறகு வரும் முதல் சில வாரங்களில்தான். அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

அங்கே எல்லாமே முகவரிப் பதிவிலிருந்து தொடங்குகிறது. 'அன்மெல்டுங்' எனப்படும் இந்தப் பதிவைக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களில் அதற்கு நேரம் கிடைப்பதே கடினம். எனவே வீடு உறுதியான அன்றே இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் மட்டும் போதாது. இன்னார் இந்தத் தேதியில் குடிவந்தார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் 2015 நவம்பரிலிருந்து கட்டாயம். 'தங்கிக்கொள், ஆனால் பதிவு செய்யாதே' என்று சொல்லி உள்வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த அறை வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு, குடியிருக்காத முகவரிக்குப் படிவம் தருபவர்களை நெருங்கவே வேண்டாம். அதற்கான அபராதம் 50,000 யூரோ வரை போகும்.

பதிவு முடிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் வேலையில் சேர்ந்தால் ஆறாம் வரி வகுப்பில், அதாவது மிக அதிக விகிதத்தில், சம்பளத்தில் பிடித்தம் நடக்கலாம். எண் வந்ததும் சரிசெய்துவிடலாம்தான். ஆனால் முதல் மாதச் சம்பளத்தை நம்பி வாடகைக்கு ஒப்புக்கொண்டவர் பாடு திண்டாட்டம்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை. அடுக்குமாடியில் பல வீடுகளுக்குத் தனி எண்ணே கிடையாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நம் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயர் இருக்கும். பெட்டியில் 'கார்த்திக்' என்று ஒட்டிவிட்டு, 'திரு. சுப்பிரமணியன்' என்று வரும் கடிதத்துக்குக் காத்திருந்தால் அது திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, தனியாக வரும் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் வருவது இந்தப் பெட்டிக்குத்தான். எனவே அப்பா பெயர், தன் பெயர் இரண்டையும் ஒட்டுங்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் இருந்தால் அதையும் சேர்த்து ஒட்ட வேண்டும். உள்வாடகை அறையில் பெயர் ஒட்ட முடியாவிட்டால், முகவரியில் 'சி/ஓ' போட்டு முதன்மை வாடகைதாரரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்களின் பெயரை ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாகப் பதிந்துவிடும். கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாக்டு அக்கவுன்ட்டில் 2024 செப்டம்பர் முதல் கேட்கப்படும் 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். நடப்புக் கணக்கு தொடங்கும்வரை அதுவும் வராது. இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு அட்வான்ஸ் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் அனுப்பச் சொல்லி, சாவியைக் கூரியரில் தருகிறேன் என்றால் அது மோசடிதான்.

பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். மாதம் 18.36 யூரோ, ஆளுக்கல்ல, ஒரு வீட்டுக்கு. உடன் தங்கியிருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

குளிர்காலத்தில் குக்கர் ஆவி சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். காலி செய்யும்போது அட்வான்ஸில் கைவைக்க அது ஒரு காரணமாகிவிடும். ஜன்னலைச் சாய்த்து வைத்தால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது. தினமும் இரண்டு மூன்று முறை, ஐந்து முதல் பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடுங்கள்.

மாணவர்களை அனுப்பிவைக்கும் முகவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன், 'இந்த முகவரியில் பதிவு செய்யலாமா, பெட்டியில் பெயர் ஒட்டலாமா' என்ற இரண்டு கேள்விகளுக்கும் வீட்டுக்காரரிடமிருந்து எழுத்தில் பதில் வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஸ்டுட்கார்ட்