இன்னும் ஒரு கை பவுடர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மகளிர் பக்கத்தில் கோடைக் கல்யாணங்களுக்கான அழகுக் குறிப்புகள் போட்டிருந்தீர்கள். அதில் ஐந்தாவது குறிப்பு: ‘மேக்கப் கலையாமல் இருக்க செட்டிங் பவுடரைத் தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள். முகம் நல்ல வெளுப்பாகவும் தெரியும்.’ நான் தூத்துக்குடியில் 22 வருஷமாகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். அந்த இரண்டு வரியைப் படித்ததில் கையிலிருந்த காபி ஆறிப்போனது. தாராளமும் தப்பு, வெளுப்பும் தப்பு.

நம் ஊரில் பவுடர் என்றாலே வெள்ளையாவதற்கு என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மா குட்டிகுரா டப்பாவை உள்ளங்கையில் தட்டி, முகத்தில் அப்பி, தாடைக்குக் கீழே ஒரு கோடு தெரிய அனுப்பிவைப்பாளே, அந்தப் பழக்கம்தான். செட்டிங் பவுடரின் வேலை வேறு. முதலில் முகம் முழுக்கப் பூசுகிற பவுண்டேஷனில் பெரும்பாலும் எண்ணெயும் மெழுகும் உண்டு. போட்டு முடித்த பிறகும் தொட்டால் விரலில் ஒட்டும். அதன் மேல் மெல்லிசாகப் பவுடரை ஒற்றினால் அந்தப் பிசுக்கையும், நேரம் ஆக ஆகத் தோல் விடுகிற எண்ணெயையும் உறிஞ்சிக்கொண்டு, போட்டதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். உறிஞ்சுகிற அளவுக்கு மேல் போட்டதெல்லாம் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். எங்கள் கடற்கரைப் புழுக்கத்தில் அது அரை மணி நேரத்தில் வியர்வையோடு குழைந்து, சிரிக்கும்போது மடிகிற இடத்தில் வெடித்து, திட்டுத்திட்டாக நிற்கும்.

இந்தப் பாடம் எனக்குப் பார்லர் கோர்ஸில் கிடைத்தது இல்லை. என் அப்பா கோயில் கொடைத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற நாடகங்களுக்கு மேக்கப்மேன். முத்துவெள்ளை என்கிற வெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவார். அரிதாரம் என்றுதான் சொல்வார், மேக்கப் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. (அரிதாரம் என்பது உண்மையில் ஒரு மஞ்சள் கல்லின் பெயர். ஆர்சனிக் கலந்தது, விஷம். கல் போய்விட்டது, பெயர் மட்டும் நாடகக்காரர்களிடம் நிற்கிறது.) பழைய வேட்டித் துணியில் பவுடரை முடிச்சாகக் கட்டி வைத்திருப்பார். ராஜபார்ட்காரர் தகர நாற்காலியில் தலையைச் சாய்த்திருக்க, அந்த முடிச்சை முகத்தில் வைத்து வைத்து எடுப்பார். நெற்றியில், மூக்குக்கு இரண்டு பக்கமும், நாடியில். நான் ஒருநாள் முடிச்சை வாங்கி இழுத்துத் தேய்த்துவிட்டேன். ராஜாவின் கன்னத்து ரோஸ் காதுவரைக்கும் போய்விட்டது. “ஒத்தணும்ட்டி, தேய்க்கப்படாது” என்று மண்டையில் ஒரு தட்டு. அவர் போட்ட வேஷம் ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறினால் காலை ஐந்து மணிக்கும் அப்படியே இருக்கும், டியூப்லைட் பூச்சி இரண்டு ஒட்டியிருப்பதைத் தவிர.

அவருக்கு மகளாகப் பிறந்தும் நான் மாட்டிக்கொண்டேன். 2016 வைகாசியில் ஒரு ரிசப்ஷன். பெண் மாநிறம், களையான முகம். வேலையை முடித்துப் பெட்டியை மூடப் போனேன். பெண்ணின் அம்மா பக்கத்தில் வந்து, “எம்மா, இன்னும் ஒரு கை போடேன். மாப்பிள்ளை நல்ல கலருல்லா” என்றார். அந்தப் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கண்ணுக்குக் கீழேயும் மூக்குத் தண்டிலும் இன்னொரு சுற்றுப் போட்டேன். ட்ரான்ஸ்லூசன்ட் என்கிறார்களே, நிறமில்லாத பவுடர், அது. கண்ணாடியில் ஒரு குறையும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா ஆல்பத்தோடு வீட்டுக்கு வந்தார். மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெண்ணின் கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பிறை, மூக்கில் சுண்ணாம்புக் கோடு. எல்லாப் பக்கத்திலும். கேக் வெட்டுகிற படத்தில் விரலை வைத்து, “இது என்னம்மா, விபூதியா?” என்று கேட்டார். வாங்கின பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். ‘இன்னும் ஒரு கை’ கேட்டது அவர்தான். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. போட்ட கை என்னுடையதுதானே.

விஷயம் இதுதான். இந்த வகைப் பவுடர்களில் பெரும்பாலும் சிலிக்கா இருக்கும். சாதாரண வெளிச்சத்தில் தோலோடு தோலாகத் தெரியாமல் போய்விடும். கேமரா பிளாஷ் நேருக்கு நேராக அடித்தால், அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால்தான் கண்ணாடி காட்டிக்கொடுக்காததைப் போட்டோ காட்டிக்கொடுக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பெண்ணையும் என் போனில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்க்காமல் அறையைவிட்டு வெளியே அனுப்புவதில்லை. நிறமில்லாததை விட்டுவிட்டு, நம் நிறத்துக்குப் பொருந்துகிற மஞ்சள் சாயல் பவுடருக்கு மாறிவிட்டேன். அதற்கு பனானா பவுடர் என்று பெயர். வாசனை வராது, நிறம் மட்டும்தான் வாழைப்பழம். அதையும் பஃப்பில் எடுத்து, இரண்டாக மடித்துக் கசக்கி, புறங்கையில் தட்டி உதறிவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோகிறேன். எண்ணெய் வடிகிற இடத்துக்கு மட்டும். வறண்ட கன்னமாக இருந்தால் அதைத் தொடுவதே இல்லை.

முகூர்த்தத்துக்கு வேறு சங்கடங்கள். முந்தின நாள் நலங்கில் தேய்த்த எண்ணெய் சரியாகப் போகாமல் இருந்தால் மேலே எவ்வளவு பவுடர் கொட்டினாலும் நிற்காது. பச்சைப்பயறு மாவு போட்டு இரண்டு தரம் கழுவச் சொல்வேன். ஹோமப் புகையில் கண்ணில் நீர் வரும், தாரை வார்க்கும்போது சொல்லவே வேண்டாம். அப்போது பக்கத்தில் நிற்கிற அக்காவோ அத்தையோ பாசத்தில் பவுடரை எடுத்து ஈரத்தின் மேலேயே பூசிவிடுவார்கள். தோசைமாவுதான்! முதலில் டிஷ்யூவை வைத்து ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். வேண்டுமென்றால் மட்டும் பிறகு துளி பவுடர். பெண்ணின் தோழியைப் பிடித்து இதை மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் மண்டபத்தைவிட்டுக் கிளம்புவேன்.

தாராளமாகத் தூவச் சொன்னதில் இன்னொரு கோபமும் எனக்கு உண்டு. தூவினால் பாதி மூக்குக்குள்தான் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2024-ல், பல முகப் பவுடர்களில் இருக்கிற டால்க்கை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. கல்யாணப் பெண் ஒருநாள் போட்டுக்கொள்கிறாள். முகூர்த்த சீசனில் நாளுக்கு இரண்டு முகம் என்று அந்தப் புழுதியில் நிற்பது நான். இப்போது டால்க் இல்லாத டப்பாவாகப் பார்த்து வாங்குகிறேன், மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறேன்.

ஆகவே அந்த ஐந்தாவது குறிப்பைத் திருத்தி அடுத்த ஞாயிறு போடுங்கள். ‘வெளுப்பாகத் தெரியும்’ என்பதை எடுத்தே விடுங்கள். அந்த வரியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வருகிற அம்மாமார்களிடம் விடியற்காலையில் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. குறிப்பு எழுதியவர் வைகாசியில் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் சொல்லட்டும். காலை மூன்று மணிக்கு ஏதாவது ஒரு மண்டபத்தின் மணமகள் அறையில் இருப்பேன். பஃப் நான் தருகிறேன், அவர் ஒற்றட்டும்.

இப்படிக்கு,
கல்யாண மேக்கப் போடும் வாசகி ஒருத்தி,
தூத்துக்குடி.