“ரெஸ்ட் எடும்மா” என்று இனி சொல்லாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் நீ அழுதுவிடுகிறாய், அதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது, சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முட்டியில் ஐஸ் வைத்திருக்கும் 20 நிமிடம்தான் எனக்குச் சும்மா இருக்கக் கிடைக்கிற நேரம். அந்த நேரத்தில் மட்டும் தட்டித் தட்டி மூன்று நாளாக எழுதுகிறேன், அங்கங்கே தொடர்ச்சி விட்டுப்போயிருந்தால் நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

முட்டி ஆபரேஷன் ஆகி இன்றோடு 36 நாள். அன்றைக்குப் போனில் பேசும்போது நீ இரண்டு விஷயம் சொன்னாய். “பெத்த மக நான் இருக்கும்போது, காசு கொடுத்து யாரோ ஒருத்தியை வச்சுப் பாக்குற மாதிரி ஆயிடுச்சே” என்றாய். போனை வைக்கும்போது வழக்கம்போல “ரொம்ப நடக்காதம்மா, நல்லா ரெஸ்ட் எடு” என்றாய். இரண்டும் பாசத்தில் சொன்னதுதான், எனக்குத் தெரியாதா. ஆனாலும் இரண்டையும் இனி சொல்ல வேண்டாம்.

என்னைப் பார்த்துக்கொள்ள முதலில் வந்த பெண்ணைப் பற்றி உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. கொல்லத்தில் டிஸ்சார்ஜ் ஆகி மலை ஏறிச் செங்கோட்டைக்கு வந்தோமே, அப்பா வண்டியின் முன் சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டு என்னை உட்கார வைத்து, புனலூரில் தொங்குபாலத்துப் பக்கம் ஒரு தடவை, தென்மலையில் ஒரு தடவை என்று நிறுத்தி நிறுத்திக் கூட்டிவந்தார். ஒரே இருப்பாக உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஏஜென்சி அனுப்பிய பெண்ணும் வந்துவிட்டாள். நல்ல பிள்ளைதான், சின்ன வயசு, படுத்த படுக்கையாய் இருக்கிற பெரியவர்களைப் பார்த்துப் பழகியவள். நான் வலிக்கிறது என்று முனகினால் உடனே ஓடிவந்து முட்டிக்குக் கீழே தலையணை வைப்பாள். அப்பாடா என்று இருக்கும். ஒரு வாரம் இரவும் பகலும் அந்தத் தலையணை மேல்தான் என் கால் இருந்தது.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்தார். காலை நீட்டச் சொன்னார். நீட்ட வரவில்லை. கட்டிலுக்கும் முட்டிக்கும் நடுவே அவர் தன் கையைச் செருகிக் காட்டினார், உள்ளங்கை முழுசாகப் போனது. “இப்படியே விட்டா கடைசி வரைக்கும் மடங்கின கால்லதாம்மா நடப்பீங்க” என்றார். முட்டிக்குக் கீழே தலையணை வைக்கவே கூடாதாம், அது சுகமாக இருக்கும், ஆனால் கால் அந்த வளைவிலேயே இறுகிவிடும். எவ்வளவு பெரிய தப்பு நடந்திருக்கிறது பார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோபமெல்லாம் அனுப்பிய ஏஜென்சி மேல்தான். அப்பா கேட்டதற்கு, “எல்லாரும் ஒரே மாதிரிதான் சார்” என்றார்களாம். ஹோம் நர்ஸ் என்று பேர் இருந்தாலும் எல்லோரும் நர்சிங் படித்தவர்கள் இல்லை, மூட்டு ஆபரேஷன் ஆனவர்களை இதற்கு முன்னால் பார்த்திருக்கிறாயா என்று முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்கு உன் மாமியாருக்கே தேவைப்படலாம், அதனால்தான் சொல்கிறேன்.

இப்போது இருக்கிற சிஸ்டர் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கத்துக்காரி. 50 வயசு இருக்கும். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே கட்டிலருகே வந்து, முட்டிக்கீழே மறுபடியும் நான் ரகசியமாய் வைத்திருந்த தலையணையை உருவி எடுத்துவிட்டு, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்தாள். முட்டிக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை, கால் தன் பாரத்திலேயே நீள வேண்டும். பத்து நிமிடம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “சாரமில்ல அம்மே”, பரவாயில்லை அம்மா, என்று சொல்லிக்கொண்டே அவள் பாட்டுக்கு வாசலில் கிடந்த மிதியடி, பாய் எல்லாவற்றையும் சுருட்டிப் பரண் மேல் போட்டாள். வாக்கர் தடுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று. இங்கே சாரல் பிடித்துவிட்டது, தெரியுமில்லையா, மொசைக் தரை எப்போது பார்த்தாலும் பிசுபிசுவென்று ஈரம். நான் எழுந்திருக்கிறேன் என்றாலே முதலில் தரையைத் துடைத்துவிட்டுத்தான் வாக்கரைக் கொண்டுவருவாள்.

அவள் மலையாளத்தில் பேசுகிறாள், நான் தமிழில் பேசுகிறேன், ஒரு சிக்கலும் இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் செங்கோட்டை, மலைக்கு அந்தப் பக்கத்து மலையாள நாட்டோடுதானே இருந்தது, உன் தாத்தா பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும், அதைக் கேட்டு வளர்ந்தவள்தானே நான்.

ஒன்று சொல்ல வேண்டும், போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. முதல் பத்து நாளும் நான் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் ஒருத்தர் பிடித்து உட்கார வைக்க வேண்டும், கழுவிவிட வேண்டும். அப்பாவிடம் எப்படிக் கேட்பது. வலி மாத்திரை வேறு வயிற்றைக் கட்டிப்போட்டது, நான்கு நாள் வெளிக்கே போகவில்லை. சிஸ்டர் வந்த அன்று சாயங்காலமே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், செம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தாள், கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நகரவே இல்லை. நீயாக இருந்தால் உன்னிடமும் நான் மறைத்திருப்பேன், மகளே. பெற்ற பிள்ளை கையால் அதைச் செய்ய வைக்க எனக்கு மனசு வந்திருக்காது. அவளுக்கு அது தினசரி வேலை, முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது, பேசிக்கொண்டே செய்து முடித்துவிட்டுப் போய்விடுகிறாள், எனக்கும் கூச்சம் போய்விட்டது. ஆகவே காசு கொடுத்து வைத்ததில் குறை ஒன்றும் இல்லை. நீ அனுப்பிய பணம்தான் எனக்கு மானத்தோடு இருக்க வழி செய்தது.

இப்போது மடக்குகிற கதைக்கு வருகிறேன். காலையில் இட்லி சாப்பிட்டதும் வலி மாத்திரை. அரைமணி கழித்துக் கட்டில் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டை வைத்துக் கொஞ்சம் முகப்பவுடர் தூவுவாள். சாக்ஸ் போட்ட குதிகாலை அதில் வைத்து, வழுக்கி வழுக்கி என் பக்கமாய் இழுக்க வேண்டும். பாதி தூரம் நன்றாக வரும். அதற்கு மேல் முட்டியைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு இறுக்கின மாதிரி இருக்கும். அங்கேதான் அவள் “குறச்சுகூடி அம்மே” என்பாள். இன்னும் கொஞ்சம். காலை அவள் தள்ளமாட்டாள், ஒரு விரலை என் கணுக்கால் மேல் சும்மா வைத்திருப்பாள், அவ்வளவுதான். நான்தான் இழுக்க வேண்டும். அழுதிருக்கிறேன், அவளைத் திட்டியிருக்கிறேன், ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்தேன். அவள் அதை எடுத்துக் கழுவித் துடைத்து, மறுபடியும் பவுடர் போட்டு அதே இடத்தில் வைத்தாள். பிசியோ முதலில் அளந்தபோது முட்டி மடங்கியது 60 டிகிரி. போன வாரம் 95. இந்தத் திங்கள்கிழமை 105 என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார், அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் அழுகையைப் பார்த்து, “போதும் சிஸ்டர், இன்னைக்கு விடுங்க” என்று சொல்லியிருப்பாய். அப்பா சொன்னார், இரண்டு தடவை. அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள். வலிக்கிறதே என்று இந்த நாட்களில் விட்டுவிட்டால் உள்ளே தழும்பு இறுகி, அப்புறம் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டி வரும் என்று பிசியோவும் சொல்கிறார். அதற்காகத்தான் “ரெஸ்ட் எடு” என்று சொல்லாதே என்கிறேன். நீ சொல்லும்போது எனக்கு அது சாக்காகிவிடுகிறது. உன்னோடு பேசி முடித்த அன்றெல்லாம் சாயங்கால நடையை நான் தட்டிக் கழித்திருக்கிறேன், உண்மையைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைத்தோம், கோபப்படாதே. 18-ஆம் நாள் சாயங்காலம் கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு, தொட்டால் சூடு. நான் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தேய்த்துவிடச் சொன்னேன். சிஸ்டர் தேய்க்கக் கூடாது என்று என் கையையும் பிடித்துக்கொண்டாள். தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்தாள். ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கொல்லத்துக்குப் போன் போட்டாள். அந்த மழையில் தென்காசிக்குப் போய் ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். ரத்தக்கட்டி ஒன்றும் இல்லை, வீக்கம்தான். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விட்டுவிடாமல் அவள் கொடுத்துவந்ததும் நல்லதாயிற்று. வீட்டுக்கு வரும்போது ராத்திரி பதினொன்று, வந்ததும் ரசம் சூடு பண்ணி எனக்குச் சோறு பிசைந்து கொடுத்துவிட்டுத்தான் அவள் சாப்பிட்டாள்.

சரி, இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். 14-ஆம் நாள் தையலுக்குப் போட்ட பின்களையெல்லாம் எடுத்தாயிற்று, புண் காய்ந்துவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது, நடக்கும்போது உள்ளே டொக்கென்று ஒரு சத்தம், இரண்டும் எல்லோருக்கும் உள்ளதுதான் என்கிறார்கள். ராத்திரித் தூக்கம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. வாக்கரை விட்டுக் கம்புக்கு வந்துவிட்டேன், கம்பு இடது கையில், ஆபரேஷன் ஆனது வலது காலல்லவா. வாசல் ஐந்து படியும் ஏறி இறங்குகிறேன், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். தரையில் உட்காருவது இனி இல்லை. பூஜை அறையில் ஸ்டூல் போட்டாயிற்று, அது ஒன்றுதான் மனசுக்குக் கொஞ்சம் குறையாக இருக்கிறது.

சிஸ்டரை இன்னும் மூன்று மாதம் வைத்துக்கொள் என்றாயே, வேண்டாம். இனிமேல் என் வேலையை நானே செய்ய வேண்டும் என்று அவளே சொல்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறாள். தட்டும் பவுடரும் இனி அப்பா பொறுப்பு, அவர் மனசு இளகிவிடாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் கூப்பிடும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு எத்தனை தடவை மடக்கினாய், தெருமுனை வரை போனாயா என்றும் கேள். மழுப்பினால் வீடியோவில் காட்டச் சொல். டிசம்பர் லீவுக்கு நீங்கள் வரும்போது பேத்தியைக் கூட்டிக்கொண்டு நானே ரயிலேறி, தென்மலைப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தைக் காட்டப்போகிறேன், மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

சனிக்கிழமைக்குள் சிஸ்டரோடு ஒரு தடவை பேசிவிடு. சம்பளக் கணக்கெல்லாம் அப்பா முடித்துவிட்டார், அதைப் பற்றிப் பேச வேண்டாம். சும்மா பேசு, உன்னைப் பற்றி நான் நிறையச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும்.

உன் அம்மா