பெற்றோருக்கு அதிபரின் கடிதம்: பிள்ளைகளின் கலியாணப் பேச்சு

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இந்தத் தவணையில் மேல் வகுப்பு மாணவிகள் இருவர் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். இருவருக்கும் கலியாணம் பேசியிருந்தார்கள். வீடுகளுக்குப் போய்க் கதைத்தோம். ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள். மற்றவள் இன்னும் வரவில்லை.

உங்களில் பலருக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. 2007, 2008 இல் வன்னியில் விடுதலைப் புலிகள் போருக்கு வீட்டுக்கு ஓராள் கேட்டு வந்தபோது, கலியாணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாகத் தாலி கட்டி வைத்தோம். நான் அப்போது இளம் ஆசிரியர். என்னிடம் படித்த பிள்ளையின் கலியாணத்தில் நானே பந்தியில் நின்று சோறு பரிமாறியிருக்கிறேன். அந்தப் பெற்றோரை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன், வேறு வழி தெரியாத காலம் அது. ஆனால் சண்டை இறுகியதும் கலியாணம் முடித்தவர்களையும் கொண்டுபோனார்கள். இடம்பெயர்ந்து அகதி முகாமுக்கு வந்தபோது, படிக்கவேண்டிய வயதில் கைக்குழந்தையோடு தனியே நின்ற பிள்ளைகளைக் கண்டேன். கலியாணம் பதியாததால் குழந்தையின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் போடவே அலைந்தார்கள்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைப் போருக்குச் சேர்ப்பது குற்றம் என்று 2006 இலேயே தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சட்டம் அப்போது எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. இன்றைக்கு அப்படியில்லை. கிராம அலுவலர் இருக்கிறார், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அன்றைக்கு ஆளில்லாமல் செய்ததை இன்றைக்கும் ஏன் செய்யவேண்டும்?

இன்றைய காரணம் வேறு. தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு. போனில் யாரோடோ பழக்கம், ஊர் கதைக்கிறது, பொறுப்பை முடித்துவிடுவோம் என்று நினைக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கலியாணம் அதற்கு மருந்தில்லை.

பொதுச் சட்டத்தின்படி 1995 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் திருமண வயது 18. பெற்றோர் சம்மதித்தாலும் அதற்கு முன் செய்யும் கலியாணம் செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவு எழுத்தைப் பிறகு பார்ப்போம் என்பது பிள்ளையை அந்தரத்தில் விடுவதுதான். 16 வயது வரை பாடசாலைக்கு அனுப்புவதும் கட்டாயம்.

இனி எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். கோபிக்காமல் உள்ளே கூப்பிட்டுக் கதையுங்கள். கலியாணப் பேச்சு என்று தெரிந்தால் நான் அறிவிக்கத்தான் வேண்டும், மறைக்கமாட்டேன். பிள்ளையின் பெயர் மற்ற மாணவர்களுக்குத் தெரியவராது. ஏற்கெனவே கலியாணமாகிப்போன பிள்ளையோ, தாயாகிவிட்ட பிள்ளையோ திரும்பிப் படிக்க வந்தால், என் கதவு திறந்தே இருக்கும். யாரும் அவளைக் கேலி செய்ய விடமாட்டேன்.

பக்கத்து வீட்டில் இப்படி நடப்பது தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். என்னிடம் வந்து சொன்னாலும் சரி. பாடசாலை விட்டபிறகும் அலுவலகத்தில்தான் இருப்பேன். வேலைக்குப் போகிறவர்கள் பின்னேரம் வரலாம்.

அன்புடன்,
அதிபர்