ஆறக் கூடாத புண்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வியாழக்கிழமை வலது கண்ணில் கிளாக்கோமாவுக்கு, அதான் அந்தக் கண் பிரஷர் நோய்க்கு, மூன்றாவது தடவையாக ஆபரேஷன் நடந்தது. முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே, வேண்டாம் என்றது நான்தான். சொல்லியிருந்தால் மறுநாளே துபாயிலிருந்து கிளம்பியிருப்பாய்.

முதல் இரண்டும் ஏன் நிலைக்கவில்லை என்று இந்தத் தடவை டாக்டரிடம் கேட்டேவிட்டேன். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேற வழியில்லாமல்தான் பிரஷர் ஏறுகிறது. அதற்காக வெள்ளைவிழியில் சின்னதாக ஒரு வாசல் வெட்டினார்கள். உடம்பு அதைப் புண் என்று நினைத்து ஆற்றி மூடிவிட்டது. இரண்டாம் முறை தழும்பு கட்டாமலிருக்க மருந்து வைத்தும் எட்டு மாதம்தான் தாங்கியது. நீ விழுந்து எழுந்தபோதெல்லாம் சீக்கிரம் ஆற வேண்டுமென்று பாண்டி கோயிலில் வேண்டிக்கொண்டவள் நான். என் கண் மட்டும் ஆறக் கூடாது என்று எந்த வாயால் வேண்டுவது?

இப்போது வைத்திருப்பது ஈர்க்குச்சியைவிட மெல்லிய குழாய். அதன் மறுமுனையில் 350 சதுர மில்லிமீட்டர் தகடு, மேல் இமைக்கு உள்ளே மறைந்திருக்கிறது. தகட்டைச் சுற்றித் தழும்பு கட்டினாலும் அதுவே நீர் வடிகிற பையாகிவிடுமாம். கண் சிகிச்சைக்கான பொருட்கள் செய்கிற நம் மதுரை ஆரோலேபில் செய்தது. குழாய் அரித்து வெளியே வராமலிருக்க, தானமாக வந்த கண்ணிலிருந்து ஒரு துண்டை மேலே வைத்துத் தைத்திருக்கிறார்கள். யாருடைய கண்ணோ! விளக்கேற்றும்போது அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

பிரஷர் இன்னும் 28 என்று அக்கா சொன்னால் பதறாதே. இதில் வால்வு கிடையாது. நீர் ஒரேயடியாக வடிந்துவிடக் கூடாது என்று கரைகிற நூலால் குழாயைக் கட்டியிருக்கிறார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் கரையும், அதுவரை சொட்டு மருந்துதான். நூல் விட்டுப்போகிற சமயத்தில் பிரஷர் சட்டென்று இறங்கலாம். வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். போன பார்வை திரும்பாது அய்யா. இருப்பதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

உன் அம்மாச்சி கடைசியில் சுவரைத் தடவித் தடவி நடந்தாள். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அது இந்த நோயாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. இது குடும்பத்தில் இறங்குவது, வலிக்காமலேயே ஓரப் பார்வையைத் தின்றுவிடும். அக்கா பார்த்துவிட்டாள், ஒன்றுமில்லை. நீதான் பாக்கி. பிரஷர் மட்டும் பார்த்தால் போதாது, கண் நரம்பையும் பார்க்கச் சொல். அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து அக்கா போனுக்கு அனுப்பு.

லீவு கிடைத்தால் இப்போது வராதே. நூல் கரைகிற வாரத்தில் வா. அப்போது நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

அன்புடன்,
அம்மா