சோஃபியாவுக்கு முடியுரிமை வந்தது பிறந்த வீட்டு வழியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து அரச குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் ஜெர்மனியின் ஹனோவர் நாட்டை ஆண்ட குடும்பத்தில் பிறந்ததால்தான், 1701இல் இங்கிலாந்து அரியணைக்கு வாரிசான சோஃபியாவுக்கு அந்த முடியுரிமை கிடைத்தது என்று அதில் எழுதியிருப்பது தவறு. கூடவே அச்சிட்ட கொடிவழிப் படமும் அப்படித்தான் காட்டுகிறது. ஹனோவர் அவர் வாழ்க்கைப்பட்ட வீடு. அந்த வீட்டைக் காட்டி லண்டனில் எதையும் கேட்டிருக்க முடியாது.

சோஃபியா 1630இல் ஹேக் நகரில் பிறந்தவர். தந்தை ஐந்தாம் பிரடெரிக், ஜெர்மனியின் பாலட்டினேட் நாட்டை ஆண்டவர். பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) அரசராக முடிசூடி ஓராண்டிலேயே, 1620இல் வெள்ளை மலைப் போரில் தோற்று எல்லாவற்றையும் இழந்தவர். ஒரு குளிர்காலமே ஆண்டதால் 'குளிர்கால ராஜா' என்று ஊர் அவரைக் கேலி செய்தது. தாய் எலிசபெத், இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் மகள். நாடிழந்து டச்சுக்காரர்களின் தயவில் வாழ்ந்த இந்தத் தம்பதிக்குப் பதின்மூன்று பிள்ளைகள். சோஃபியா பன்னிரண்டாவது. அந்தப் பெண் அரியணைக்கு வாரிசாவார் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

1700இல், பின்னாளில் அரசியான ஆனின் எஞ்சியிருந்த ஒரே மகன் பதினோரு வயதில் இறந்துபோனான். மறு ஆண்டே, கத்தோலிக்கர் யாரும் முடிசூடக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கொடிவழியில் மேலே இருந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் கழிந்தார்கள். இரண்டாம் ஜேம்ஸின் மகன் கத்தோலிக்கர். முதலாம் சார்லஸின் பேத்தியான சவோய் கோமகளும் அப்படியே. சோஃபியாவின் அண்ணன் மகள் லீசலோட்டே பிரெஞ்சு அரசரின் தம்பியை மணப்பதற்காக மதம் மாறியவர். அக்காள் லூயிஸ் ஹாலண்டீனோ பிரான்சில் கன்னிமடத் தலைவி.

இன்னொரு அண்ணன் எட்வர்டும் கத்தோலிக்கராக மாறியவர். அவர் மகள் பெனடிக்டாவைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். சோஃபியாவின் கணவருக்கு அண்ணனும், அவருக்கு முன் ஹனோவரை ஆண்டவருமான கோமகனைத்தான் பெனடிக்டா மணந்தார். ஆக, அதே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர், இரத்த உறவிலும் சோஃபியாவுக்கு முந்தியவர். ஆனாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஹனோவர்தான் தகுதி என்றால் இது எப்படி? கடைசியில் மிஞ்சிய சோஃபியாவுக்கு அப்போது வயது எழுபது. கல்யாணமாகி 43 வருடம் கழித்து வந்த சீதனம் என்று வேண்டுமானால் சொல்லலாம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புகுந்த வீட்டுப் பெருமையை நிலைநாட்ட, கணித மேதை லைப்னிட்ஸையே வம்ச வரலாறு எழுத அமர்த்தியிருந்தார்கள். அவர் இத்தாலி வரை போய்ப் பழைய ஏடுகளைத் தேடி, அங்கிருந்த பழைய எஸ்தே பிரபுக் குடும்பத்தோடு இவர்களுக்குப் பொது மூதாதை இருந்ததை நிறுவினார். 1716இல் அவர் இறந்தபோது வரலாறு 1005ஆம் ஆண்டைத்தான் எட்டியிருந்தது. லண்டன் அரியணையைக் கொண்டுவந்ததோ மருமகள் பக்கத்துக் கொடி.

அப்புறம், ஆன் அரசிக்கு 54 நாள் முன்பு சோஃபியா இறந்தார் என்று கட்டுரை சொல்லும் கணக்கும் சரியில்லை. பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். சோஃபியா ஹனோவரின் ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் மழைக்கு ஒதுங்க விரைந்தபோது சரிந்து விழுந்து இறந்தது 1714 ஜூன் 8, புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிப்படி. ஆன் இறந்த ஆகஸ்ட் 1, இங்கிலாந்து 1752 வரை விடாமல் வைத்திருந்த, 11 நாள் பின்தங்கிய பழைய (ஜூலியன்) நாட்காட்டிப்படி. அது ஹனோவரில் ஆகஸ்ட் 12. இடைவெளி 65 நாள்.

திருத்தம் வெளியிடும்போது படத்தில் சோஃபியாவுக்கு மேலே எலிசபெத்தின் பெயரையும் அதற்கு மேலே முதலாம் ஜேம்ஸையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். கணவர் எர்னஸ்ட் அகஸ்டஸ் பக்கத்தில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்